கூப்புக் கணக்கு

காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளம் குளிர்கிறது. மரம் வெட்டுதல் என்ற சொல்லைக் கேட்டவுடனோ அதே உள்ளம் கொதிக்கிறது. இரண்டும் இயல்பே. ஆயினும், மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் பிழைப்பு நாடிவந்து குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில், சுற்றிலும் பரந்துகிடக்கும் அரசுக் காட்டில் எந்த மரம் வீழ்வது, எந்த மரம் நிற்பது என்பதை யார், எந்த ஏட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று அறிந்தவர் மிகச் சிலரே. இரயில்வே குமாஸ்தாவாகப் பேரேடுகளின் நடுவே காலங்கழிக்கும் நாம், சென்ற ஆண்டு ஒரு காரணம் பற்றி அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு வனவியல் தெரியாது, கணக்குத் தெரியும். கணக்குத் தெரிந்த கண்ணுக்கு அதில் புலப்பட்டவற்றை வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நமக்கும் மரத்துக்கும் உள்ள உறவைக் கூறிவிடுதல் முறை. நம் பாட்டனார் தஞ்சைத் தரணியிலிருந்து 1950களில் இப்பக்கம் வந்தவர். இரயில்வேக்கு வேண்டிய தண்டவாளக் கட்டைகளை எண்ணி, அளந்து, தேறியவை இவை, தேறாதவை இவை எனப் பிரித்துக் கணக்கெழுதும் களத்தில் அவருக்கு உத்தியோகம். 'ஸ்லீப்பர் கட்டை' என்று யாவரும் வழங்கும் அக்கட்டைகள் இப்பகுதியில் பெரும்பாலும் சாலமரத்தில் அறுத்தவை. நம் வீடுகளில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கும் குங்கிலியம் இம்மரத்தின் பிசினே. அந்தக் களத்துச் சம்பளத்தில்தான் நம் தந்தையார் படித்தார். பின்னர் அவரும் இரயில்வேயில் சேர்ந்தார். இன்று நாமும் அதே நிழலில் இருக்கிறோம். ஆகவே மரம் வெட்டியவரைப் பழித்துப் பேசும் உரிமை நமக்குக் குறைவு. வெட்டியதற்குக் கணக்குக் கேட்கும் கடமை நமக்கு அதிகம்.

இருப்புப்பாதை உண்ட மரத்துக்கு அளவு உண்டா எனின், ஓரளவு கூறலாம். ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வரை தேவைப்பட்டன. வெயிலிலும் மழையிலும் கிடந்து சில ஆண்டுகளில் அவை நைந்துபோகும். மாற்றுக் கட்டை கேட்கும். பாதை நீள நீளக் காடு குறைந்தது. இப்படியே போனால் கட்டைக்கு மரம் கிடைக்காது என்ற அச்சந்தான் ஆங்கில ஆட்சியை விழிக்கச் செய்தது. 1864இல் வனத்துறை ஏற்பட்டது. டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் அதன் தலைவரானார்.

இவரைப் பற்றிய ஒரு செய்தி, குமாஸ்தாவாகிய நமக்கு மிகவும் உவப்பானது. 1856இல் அவர் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். மழை ஓயாத அக்காட்டில் காகிதத்தில் எழுத இயலாது. ஆகவே இடக்கையில் சில மூங்கில் துண்டுகளும் வலக்கையில் ஒரு பேனாக்கத்தியுமாக யானைமீது செல்வாராம். கண்ணிற்படும் ஒவ்வொரு தேக்கையும் பருமனால் வகைப்படுத்தி, அந்தந்த வகைக்குரிய மூங்கிலில் ஒரு வெட்டு வெட்டுவார். நாம் கோடு கிழித்து மூட்டைகளை எண்ணுவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. பெருமரம் எத்தனை, அதற்கு அடுத்த பருமன் எத்தனை, அடுத்த பருமன் பெருமரமாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கணித்து, ஆண்டுதோறும் முதிர்ந்து வரும் எண்ணிக்கைக்கு மேல் வெட்டலாகாது என விதித்தார். வட்டியை எடு, முதலைத் தொடாதே என்பதே அதன் சாரம். இன்றளவும் நம் அரசுக் காடுகளுக்கு எழுதப்படும் செயல்திட்டங்களுக்கு அந்த எண்ணமே வித்து.

இனி நாம் அந்த ஏட்டைத் தேடிப்போன காரணத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காட்டோரத்து ஓடைக்கரை ஒன்றுக்குச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு அங்கே போனபோது, பல மரங்களின் பட்டை செதுக்கப்பட்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன. மழைக்காலம் கழிந்தவுடன் அவ்விடத்தில் கூப்பு நடக்கப்போகிறது என்று காவலர் கூறினார். கூப்பு என்ற சொல் நம் மேற்குமலைப் பக்கத்தவர்க்குப் புதிதன்று. முறைவைத்து மரம் வெட்டும் காட்டுப் பகுதியை அங்கும் அவ்வாறே அழைப்பர். செய்தி கேட்டதும் நம் இளைஞர்கள் துடித்தெழுந்தனர். 'ஒரு மரமும் வெட்டலாகாது' என்ற வாசகத்தோடு மனு எழுதப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். "மாமா, நீங்களும் போடுங்கள்" என்று பிள்ளைகள் நம்மிடமும் நீட்டினர். படித்துவிட்டுப் போடுகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

மறுநாள் அலுவலகத்தில், நம்மோடு பணிபுரியும் டிராக்மேன் நண்பர் ஒருவரிடம் அம்மனுவைப் பற்றிக் கூறினோம். அவர் கோண்டு இனத்தவர். அந்தக் காட்டோரத்துச் சிற்றூரே அவர் பிறந்த ஊர். அமைதியாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாபுஜி, மரம் வெட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். மகுவா மரத்தை வெட்டாதே என்று தனியாக ஏன் எழுதவில்லை? எங்களுக்கு எல்லா மரமும் ஒன்று அன்று."

அந்தச் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. மகுவா என்பது நம் இலுப்பையின் உடன்பிறப்பு. பங்குனி, சித்திரையில் அதன் பூக்கள் விடியுமுன் உதிரும். நண்பரின் தாயார் அவற்றைப் பொறுக்கி உலர்த்தி வைத்துத்தான் பல ஆண்டுகள் குடும்பத்தை நடத்தினார். அதே தாயாரும் தம்பியும் குளிர்காலத்தில் கூப்பில் கூலிவேலைக்குப் போகிறார்கள். ஊர் வனக் குழுவுக்கு வெட்டின் ஆதாயத்தில் ஒரு பங்கும் வருகிறது. ஒரு மரமும் வெட்டக்கூடாது என்று நம் மனு வென்றுவிட்டால், நம் பொங்கல் இடம் தப்பும். அவர்கள் வீட்டில் சில வாரத்துக் கூலி போய்விடும். மனுவே இல்லாவிட்டாலோ, மகுவா தப்பியதா என்று கேட்க ஆளில்லாமற் போகலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருத்தல் வேண்டும் என்று எண்ணி, அந்த நண்பரையே துணைக்கு அழைத்துக்கொண்டு வனச்சரக அதிகாரியைக் காணச் சென்றோம்.

அதிகாரி இளைஞர், பொறுமை உள்ளவர். செயல்திட்ட நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எழுதப்படும் பெருநூல் அது. வனக் கோட்டம் முழுவதும் எண்ணிட்ட கம்பார்ட்டுமெண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நமக்குக் கம்பார்ட்டுமெண்டு என்றால் வண்டிப் பெட்டி. அவர்களுக்கு அது காட்டின் ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் என்ன மரம், எந்தப் பருமனில் எத்தனை, மண் எப்படி, சரிவு எவ்வளவு, கன்று முளைக்கிறதா இல்லையா என்று குறித்திருக்கிறார்கள். நல்ல மரம் நின்றால் முதிர்ந்தவற்றைத் தேர்ந்து வெட்டும் முறை; சிதைந்த காடானால் வெட்டே இன்றிச் சீர்படுத்தும் முறை; செங்குத்துச் சரிவானால் காவல் மட்டும். எந்த ஆண்டில் எந்தத் துண்டு கூப்புக்கு வரும் என்பதும் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. நம் கால அட்டவணையைப் போல என்று கூறினால் அதிகாரி நகைத்தார், ஆனால் மறுக்கவில்லை.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்புக்கே அழைத்துச் சென்றார். குறியிட்ட ஒவ்வொரு மரத்திலும் இரண்டு இடங்களில் பட்டை செதுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். ஒன்று மார்பளவு உயரத்தில். மற்றொன்று வேர்மூட்டில், தரையை ஒட்டி. மூட்டில் அரசு முத்திரைச் சுத்தியலால் அடித்த அடையாளம் இருந்தது. மரம் போன பின்பும் அந்த முத்திரை நிலத்திலேயே நிற்கும். வெட்டியது குறியிட்ட மரந்தானா என்று எவரும் பின்னர் வந்து சரிபார்க்கலாம். முத்திரையில்லாத அடிக்கட்டை எங்கேனும் இருந்தால் அது களவு. ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தது போக எஞ்சுவதையும் நாம் அடிக்கட்டை என்றே சொல்லுகிறோம் அல்லவா! அந்தப் பெயர் இவ்வளவு பொருத்தமாய் இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

வெட்டினால் காட்டுக்கு என்ன நன்மை என்று நம் இளைஞர் சார்பில் கேட்டோம். அவர் ஒரு சாலமரத்தின் அடியில் குனிந்து, விரலளவுக் கன்றுகளைக் காட்டினார். சாலவிதை மழை தொடங்கும் ஆனி மாதத்தை ஒட்டி இறகு முளைத்தாற்போல் சுழன்று விழும். ஒரு வாரத்துக்குள் ஈரமண் கிடைத்து முளைத்தால் உண்டு. இல்லையேல் உயிர் போய்விடும். முளைத்த கன்றும் நிழலில் ஆண்டுதோறும் பட்டுப்போய், வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, மறுபடி பட்டு, வெளிச்சம் வரும் நாளுக்காகக் காத்திருக்கும். மேலே முதிர்ந்த மரம் ஒன்று நீங்கினால் அந்தத் திறப்பில் வெளிச்சம் இறங்கும், கன்று தலைநிமிரும். புல்லும் முளைக்கும், புல்லைத் தேடிப் புள்ளிமானும் காட்டெருதும் வரும், அவற்றைத் தேடி வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திறப்பு அளவு மீறினால் கன்றுக்கு முன் உண்ணிச்செடி ஓடிவந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் புதருக்குள் புல்லும் இராது, மானும் மேயாது. அதைப் போக்க, பூத்துக் காய்க்குமுன் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, திரும்ப வேரூன்றாதபடி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆகவே வெட்டுவதும் ஒரு மருந்து. அளவறிந்து கொடுத்தால் மருந்து, மிஞ்சினால் நஞ்சு.

நோயுற்ற மரத்தையும் வெட்டத்தான் வேண்டுமோ என்பது வேறொரு கேள்வி. 1990களின் பிற்பகுதியில் இம்மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் சாலத்துளைப்பான் என்னும் வண்டு பெருகிப் பல இலட்சம் மரங்களைத் தாக்கியது. முதல் மழையோடு வெளிவரும் இவ்வண்டின் புழுக்கள் மரத்தின் வைரம்வரை குடைந்து செல்லும். பச்சைச் சாலமரத்தை வீழ்த்திப் பட்டையை நசுக்கினால், சாற்றின் மணத்துக்கு வண்டுகள் மொய்த்து வரும். ஊர்மக்கள் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துக் கூலி பெறுவர். ஒரு மரத்தைப் பலியிட்டுப் பல மரத்தைக் காப்பாற்றும் முறை இது. புழு குடைந்த மரங்களையும் பெருமளவில் வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. அந்நாளில் நம் நண்பர் சிறுவர். வண்டு பொறுக்கி முதற்காசு சம்பாதித்ததை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறார்.

மரக்கணக்கு இவ்வாறிருக்க, உயிர்க்கணக்கு எழுதும் வழக்கம் பிற்பாடே வந்தது. பிராண்டிஸின் மூங்கிலில் தேக்குக்கு வெட்டு உண்டு. மரப்பொந்தில் குடியிருக்கும் பறவைக்கு இல்லை. பொந்துமரம் அறுவைக்கு உதவாது என்பதால் முற்காலத்தார் அதைக் குறையுள்ள மரம் என்று முதலில் நீக்கினர். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, காட்டின் முதற்பயன் இயற்கையின் சமநிலையே, வருவாய் அதற்கு அடுத்தது என்று தெளிவாகக் கூறியது. இப்போது நாம் கண்ட ஏட்டில், மரவெட்டு முறைகளுக்கு மேலாக வனவிலங்குப் பேணல் என்று தனிப்பகுதி ஒன்று எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாக விரிக்கப்பட்டிருக்கிறது. நீரோடையின் இருகரையிலும் மரம் தொடலாகாது, கனிமரம் நீக்கலாகாது, பொந்துமரமும் பட்டமரமும் சில நிற்க வேண்டும், கோடைக்கு நீர்நிலை காக்க வேண்டும், தீத்தடக் கோடு வெட்ட வேண்டும் என அதில் விதிகள் உள்ளன.

வாழிடத்தைத் திருத்தினால் உயிர் மீளும் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டா. நம் மாவட்டத்தின் விளிம்பிலுள்ள கான்ஹா, 1955இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே கூப்பு இல்லை. இருந்தும் அவ்விடத்துக்கே உரிய பாரசிங்கா என்னும் சதுப்புமான் 1970இல் 66 மட்டுமே எஞ்சியது. வேட்டை நின்ற பின்னும் ஏன் குறைந்தது? அம்மான் ஏறக்குறையப் புல் ஒன்றையே உண்டு வாழ்வது. குட்டியை மறைத்து வைக்க உயரமான புல் வேண்டும். கால்நடை மேய்ந்தும் ஆண்டுதோறும் தீ வைத்தும் அந்தப் புல் இல்லாமற் போயிருந்தது. மேய்ச்சலை நிறுத்தி, தீயை அளவோடு ஆண்டு, புல்வெளியில் புகும் மரக்கன்றுகளை அகற்றி, புலி புகாத வேலிக்குள் சில மான்களை வளர்த்து விட்ட பின் அவ்வினம் மெல்ல மீண்டது. இன்று ஆயிரம் என்னும் அளவை எட்டியிருக்கிறது. காட்டை நன்றாக வைக்கப் புல்வெளியில் மரத்தைப் பிடுங்கவும் வேண்டியிருந்தது என்பதை நம் மனு எழுதிய பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதாவிடில் பேரேடு நேராகாது. புல்வெளிகள் பலவும் கோண்டு, பைகா மக்களின் ஊர்களும் வயல்களும் இருந்த இடங்களே. மானுக்கு வாழிடம் திரும்பியபோது மனிதர் சிலர் தம் வாழிடத்தை விட்டு வெளியேறினர். பக்கத்து திண்டோரி மாவட்டத்தின் பைகாசக் பகுதியில் வாழும் பைகா மக்களுக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வாழிட உரிமை அளிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வுரிமை பெற்ற முதல் மக்கள் அவர்களே. வாழிடம் என்ற சொல் விலங்குக்கு மட்டும் உரியதன்று என்று சட்டமே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

செயல்திட்டம் வெறுங்காகிதந்தானே என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. நம் தமிழகத்து நீலகிரி மாவட்டத்தில் கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாமல், டி. என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் நீதிமன்றம் இட்ட ஆணை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது: மத்திய அரசு ஒப்பிய செயல்திட்டப்படி அன்றிக் காட்டில் மரம் வெட்டலாகாது என்பதே அதன் கருத்து. நம் ஓடைக்கரைக் கூப்பும் அந்த ஆணையின் கட்டுக்குள் நடப்பதுதான்.

திரும்பி வந்து சங்கக் கூட்டத்தில் இவற்றை விளக்கினோம். காரசாரமான விவாதம் நடந்தது. "வெட்டுகிறவர் பக்கம் பேசுகிறீர்களே" என்று ஒரு தங்கை கேட்டாள். "வெட்டுகிறவரைக் கேள்வி கேட்கும் பக்கம் பேசுகிறோம் அம்மா" என்றோம். முடிவில் பழைய மனு மாற்றி எழுதப்பட்டது. புதிய மனுவில் நான்கே வேண்டுகோள்கள். ஓடைக்கரை மரங்களை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மகுவா ஒன்றும் வீழக்கூடாது. இருவாய்ச்சி கூடுகட்டும் பொந்துமரம் நிற்க வேண்டும். வெட்டு முடிந்த பின் மேய்ச்சலைத் தடுத்துக் கன்றுகளைக் காக்க வேண்டும். பொந்துமரம் எதுவென்று காட்டியவர் நண்பரின் தாயார். சாம்பல் நிற இருவாய்ச்சிப் பேடு கோடையில் அதற்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்வதும், சேவல் ஆலம்பழமும் அத்திப்பழமும் கொண்டுவந்து பிளவு வழியே ஊட்டுவதும் அவர் சிறுமியாய் இருந்த நாள் முதல் கண்டவை. புதிய மனுவில் நாமும் ஒப்பமிட்டோம். நம் சங்கத்தார் பெயர்களுக்குக் கீழே அவ்வூரார் பதினோரு பேர் கைந்நாட்டும் ஒப்பமும் இட்டனர். முதல் மனுவில் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை.

பயன் என்ன எனில், முழுவெற்றியும் அன்று, தோல்வியும் அன்று. ஓடைக்கரையில் மறுபடி அளந்தபோது இரண்டு மரங்கள் விலக்குக்குரிய எல்லைக்குள் இருந்தமை தெரிந்து, அவற்றின் எண்கள் நீக்கப்பட்டன. பொந்துமரமாகிய கருமருது நின்றது. மகுவா எதுவும் வீழவில்லை. ஆனால் நம் குடும்பங்கள் பல்லாண்டாக எந்தச் சாலமரத்தின் அடியில் பாய்விரித்து அமர்ந்து உண்டனவோ, அது போய்விட்டது. தலை காய்ந்து முதிர்ந்துவிட்ட மரம் என்பது அதிகாரியின் விளக்கம். விளக்கம் சரியே, ஆயினும் அதன் அடிக்கட்டையைக் கண்டபோது சங்கத்து மூதாட்டி ஒருவர் கண்கலங்கினார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நேராவது வேறு, மனம் நேராவது வேறு. மூட்டில் முத்திரை இருந்ததைக் குழந்தைகள் தேடிக் கண்டு எண்ணைப் படித்தார்கள்.

இன்று நம் தண்டவாளங்களின் கீழே பெரும்பாலும் இருப்பவை கான்கிரீட் கட்டைகள். சபல்பூருக்கும் நைன்பூருக்கும் இடையே ஓடிய இரண்டரை அடிச் சிறுபாதை 2015இல் மூடப்பட்டு அகலப்பாதையாகிவிட்டது. இருப்புப்பாதை காட்டை உண்ட காலம் பெரிதும் கழிந்தது. அதற்காக மரத்தின் தேவை கழியவில்லை. நம் வீட்டுக் கதவும் கட்டிலும் எங்கோ ஒரு கூப்பில் வெட்டிய மரங்களே. நம் கண்ணுக்கெதிரே வெட்டக்கூடாது என்று தடுத்துவிட்டு, கண்ணுக்கெட்டாத காட்டிலிருந்து வந்த மரத்தை விலைகொடுத்து வாங்கினால் அது அறமாகாது.

வெளியூரில் வாழும் நம்மவர், இது நம் மண் அன்று, நமக்கேன் இந்த வழக்கு என்று ஒதுங்குவதுண்டு. அரசுக் காடு என்பது யாருக்கும் உரியதன்று என்பது பொருளன்று. யாவர்க்கும் உரியது என்பதே பொருள். பத்தாண்டு மழையை அவ்வூரில் குடித்தவனுக்கு அக்காட்டின் கணக்கில் பங்கு உண்டு. ஆகவே அன்பர்களே, உங்கள் ஊர்க் காட்டுக்கும் ஒரு செயல்திட்டம் இருக்கிறது. கோட்ட அலுவலகத்துக்குச் சென்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மரம் வெட்டுகிறீர்கள் என்று மட்டும் கேளாமல், எவற்றை விட்டுவைக்கிறீர்கள், யாருக்காக விட்டுவைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கேட்குமுன், அக்காட்டோரத்தில் தலைமுறை தலைமுறையாய் வாழும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த மரத்துக்கு என்ன பெயர், எந்தப் பொந்தில் எந்தப் பறவை என்பது ஏட்டில் ஏறுமுன் அவர் நெஞ்சில் ஏறியிருக்கிறது.